மணமேடைக்கு முன்னால்: இந்திய அமெரிக்க இணைவு மணங்களின் முன்னிகழ்வுகளும் அவற்றின் புனைவுச் சித்திரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவில் இந்திய வம்சாவளியினரும் பிற இனத்தவரும் மணம் புரியும்போது, மணநாளுக்கு முந்தைய கொண்டாட்டங்களே இரு மரபுகளும் கலந்து நிற்கும் முதன்மையான களமாக அமைகின்றன. மெஹந்தி, சங்கீத், ஹல்தி ஆகியன ஒருபுறமும், மணப்பெண் பரிசு விருந்து, ஒத்திகை விருந்து ஆகியன மறுபுறமும் இக்களத்தில் சந்திக்கின்றன. இச்சந்திப்பு ஆடை, இசை, உணவு ஆகியவற்றின் கலப்பாக மட்டும் நின்றுவிடுகிறதா, அல்லது அந்நிகழ்வுகள் முன்பு ஆற்றிவந்த சமூகப் பணியையும் தொடர்கிறதா என்பதே இக்கட்டுரையின் வினா. மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' (2001), ஜும்பா லாஹிரியின் 'தி நேம்சேக்' (2003), ரோஷன் சேத்தியின் 'ஏ நைஸ் இந்தியன் பாய்' (2024) ஆகிய மூன்று படைப்புகளும், தமிழ் மணமரபின் நலங்கு, ஏசல் ஆகியவையும் ஒப்புநோக்கப்படுகின்றன. வடிவ இணைவு எளிதில் கைகூடுகிறது. செயல் இணைவு அரிதாகவே நிகழ்கிறது என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

திறவுச்சொற்கள்: இணைவு மணம், முன்மண நிகழ்வுகள், சங்கீத், நலங்கு, ஏசல், புலம்பெயர் இலக்கியம், இந்திய அமெரிக்கத் திரைப்படம்.

முன்னுரை

திருமணச் சடங்குகள் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் மணமேடையையே மையமாகக் கொள்கின்றன. தாலி கட்டுதல், தீவலம் வருதல், ஏழடி நடத்தல், உறுதிமொழி கூறல், மோதிரம் மாற்றுதல் போன்ற மையச் செயல்களே விரிவாகப் பேசப்படுகின்றன. முந்தைய நாள்களின் நிகழ்வுகள் துணைச் செய்திகளாக ஒதுக்கப்படுகின்றன. ஆனால் இரு சமயங்களையோ இரு இனங்களையோ சேர்ந்தவர்கள் மணம் புரியும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. மணமேடையில் சமயம் தன் விதிகளை வற்புறுத்துகிறது. சட்டம் தன் உரிமத்தையும் கையொப்பத்தையும் கேட்கிறது. எனவே அங்குக் கலப்புக்குரிய இடம் குறைவு. பல இணையர் இந்து முறைப்படி ஒன்றும் கிறித்தவ முறைப்படி ஒன்றுமாக இரு சடங்குகளை அடுத்தடுத்து நடத்துவதற்கு இதுவே காரணம். அவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்கின்றன, ஒன்றாகக் கலப்பதில்லை.

மணநாளுக்கு முந்தைய மாலையோ இத்தகைய கட்டுப்பாடுகள் அற்றது. மருதாணி இட்டுக்கொள்ள மந்திரம் வேண்டியதில்லை. ஆடுவதற்கும் பாடுவதற்கும் குருமாரின் ஒப்புதல் தேவையில்லை. எச்சமயத்தவரும் எம்மொழியினரும் பங்கேற்கலாம். 'ஃபியூஷன்' என்று சுட்டப்படும் இணைவு உண்மையில் உருவாவது இவ்வெளியில்தான். ஆகவே அவ்விணைவின் தரத்தை மதிப்பிட விரும்பும் திறனாய்வும் அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

சொல்லும் அரசியலும்

'ஃபியூஷன்' என்னும் சொல் இசையிலிருந்தும் சமையலிலிருந்தும் திருமணத் துறைக்கு வந்தது. இரு சுவைகள் இணைந்து புதுச்சுவை பிறப்பதாக அது உணர்த்துகிறது. தமிழில் இதற்கு நேராக வைக்கத் தோன்றும் 'கலப்பு மணம்' என்னும் தொடர் முற்றிலும் வேறொரு வரலாற்றைச் சுமப்பது. தமிழகச் சூழலில் அது சாதி கடந்த மணத்தையே முதன்மையாகக் குறிக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் தமிழக அரசு நடத்தும் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டத்திலும் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்படுகிறது. சுயமரியாதை இயக்கம் நடத்திய மணங்களின் நினைவும் அதில் தங்கியுள்ளது.

இவ்வேறுபாடு சொல்லாட்சி பற்றியது மட்டுமன்று. 'கலப்பு' என்னும் சொல் எதைக் கடக்க வேண்டியுள்ளது என்பதை நினைவூட்டுகிறது. 'ஃபியூஷன்' என்பதோ கடக்க வேண்டிய தடை ஏதும் இல்லாதது போலப் பேசுகிறது. அமெரிக்க வெள்ளையரை மருமகனாகவோ மருமகளாகவோ ஏற்கும் ஓர் இந்தியக் குடும்பம், அதே மனநிலையோடு வேறு சாதியினரையோ கறுப்பினத்தவரையோ ஏற்குமா என்னும் வினாவை அச்சொல் எழவிடுவதில்லை. இக்காரணம் பற்றியே இக்கட்டுரை 'இணைவு மணம்' என்னும் நடுநிலைத் தொடரைக் கையாள்கிறது. அத்தொடர் குறிப்பது ஒரு நிகழ்வை மட்டுமே. அந்நிகழ்வு குறித்த தீர்ப்பு எதுவும் அதில் இல்லை.

வரலாற்றுப் பின்னணி

இந்தியர்க்கும் பிற அமெரிக்கர்க்கும் இடையிலான மணங்கள் அண்மைக்காலப் புதுமையல்ல. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கு முதலிய வேளாண் பகுதிகளில் குடியேறிய பஞ்சாபி ஆண்கள் பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தனர். கேரன் லெனார்டு எழுதி 1992இல் வெளியான 'மேக்கிங் எத்னிக் சாய்சஸ்' என்னும் நூல் இச்சமூகத்தை விரிவாக ஆராய்ந்துள்ளது. 1917ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியினருக்கு அமெரிக்க வாயிலை அடைத்தது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், குடியுரிமைச் சட்டம் கூறும் 'வெள்ளையர்' என்னும் வரையறைக்குள் இந்தியர் அடங்கார் எனத் தீர்ப்பளித்தது. ஊரிலிருந்து பெண்கள் வருவது அரிதாயிற்று. இனக்கலப்பு மணத் தடைச் சட்டங்கள் நிலவிய காலத்தில், மணமக்கள் இருவரின் தோல்நிறமும் ஒத்ததாகத் தோன்றினால் மாவட்ட அலுவலர்கள் மண உரிமம் வழங்கினர்.

இம்மணங்களில் இந்தியத் தரப்பின் முன்மண நிகழ்வுகளுக்கு இடமே இருந்திருக்க இயலாது. பாட்டுப் பாடவும் மருதாணி அரைக்கவும் வேண்டிய தாயும் அத்தையும் அண்ணியும் கடலுக்கு அப்பால் இருந்தனர். முன்மண நிகழ்வு ஒரு தனிமனிதர் தம் பெட்டியில் எடுத்துச் செல்லக்கூடிய பொருளன்று என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அதற்கு உறவுக்கூட்டம் வேண்டும். குறிப்பாகப் பெண்களின் கூட்டம் வேண்டும்.

1946ஆம் ஆண்டின் லூஸ் செல்லர் சட்டம் இந்தியர்க்குக் குடியுரிமை பெறும் வழியைத் திறந்தது. எனினும் ஆண்டுக்கு 100 பேர் என்னும் வரம்பு விதித்தது. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டமே குடும்பங்களாகக் குடியேறுவதற்கு வழிவகுத்தது. 1967 ஜூன் 12 அன்று 'லவ்விங் எதிர் வர்ஜீனியா' வழக்கின் தீர்ப்பு இனக்கலப்பு மணத் தடைகளை நாடு முழுவதும் செல்லாதனவாக்கியது. அதே 1967இல் தமிழகச் சட்டமன்றம் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது என்பதும் ஒப்புநோக்கத்தக்கது. ஒரு நாட்டில் இனத்தின் பெயரால் மறுக்கப்பட்ட உரிமையும், மற்றொரு நாட்டில் சடங்கின் பெயரால் மறுக்கப்பட்ட ஏற்பும் ஏறத்தாழ ஒரே காலத்தில் கிடைத்தன. பியூ ஆய்வு மையம் 2017இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1967இல் அமெரிக்காவில் புதிதாக மணம் புரிந்தோரில் 3 விழுக்காட்டினரே வேற்றினத்தவரை மணந்திருந்தனர். 2015இல் அது 17 விழுக்காடாகவும், ஆசிய வம்சாவளியினரிடையே 29 விழுக்காடாகவும் இருந்தது. இணைவு மணத்தின் முன்மண நிகழ்வுகள் தழைத்தது இப்பின்னணியில்தான். ஒருபுறம் சட்டத் தடை நீங்கியது. மறுபுறம் பாடுவதற்கான உறவுக்கூட்டம் வந்து சேர்ந்தது.

இரு மரபுகளின் முன்மண நிகழ்வுகள்

அமெரிக்க மரபில் மணநாளுக்கு முன் நிகழ்பவை நிச்சய விருந்து, மணப்பெண்ணுக்குத் தோழியர் நடத்தும் பரிசு விருந்து, மணமக்களின் நண்பர்கள் தனித்தனியே நடத்தும் கேளிக்கை இரவு, மணநாளுக்கு முந்தைய மாலை நடைபெறும் ஒத்திகை, அதைத் தொடரும் ஒத்திகை விருந்து ஆகியன. திருமணச் செலவை மணமகள் வீட்டார் ஏற்பதும், ஒத்திகை விருந்தை மட்டும் மணமகன் வீட்டார் அளிப்பதும் பழைய வழக்கம். அவ்விருந்தின் மையம் உணவன்று, வாழ்த்துரை. தந்தையும் உடன்பிறந்தோரும் நண்பர்களும் எழுந்து நின்று மணமக்களைக் குறித்துப் பேசுவர். அப்பேச்சில் பாராட்டு உண்டு. பழைய குறும்புகளை வெளிப்படுத்தும் கேலியும் உண்டு.

வடஇந்திய மரபில் மெஹந்தி, ஹல்தி, சங்கீத் ஆகியன பெண்களின் கூடுகைகளாக வளர்ந்தவை. பஞ்சாபி மணங்களில் மணமகள் வீட்டுப் பெண்கள் சம்பந்தி வீட்டாரைப் பழித்துப் பாடும் 'சிட்டணி' என்னும் பாடல்வகை உண்டு. தமிழ் மரபில் இதற்கு இணையானது ஏசல். நலங்கில் மணமக்கள் தேங்காய் உருட்டுவதும், ஒருவர் தலைமேல் ஒருவர் அப்பளம் உடைப்பதும், பெண்கள் சூழ்ந்து கேலிப் பாட்டுப் பாடுவதும் சமூகத்துக்குச் சமூகம் வேறுபட்டாலும் பொதுவில் அறியப்பட்டவை. சில சமூகங்களில் நலங்கு தாலி கட்டுவதற்கு முன்னும், சிலவற்றில் பின்னும் நிகழ்கிறது.

மேற்போக்காக நோக்கின் ஒத்திகை விருந்துக்கும் ஏசலுக்கும் தொடர்பில்லை எனத் தோன்றும். ஆனால் அவற்றின் பணி ஒன்றே. நாளை உறவாகப் போகிறவர்களைக் குறித்து, உறவாவதற்கு முந்தைய கடைசி மாலையில், வெளிப்படையாக ஒரு மதிப்பீட்டைக் கூறுவதற்கு அவை இடம் தருகின்றன. சிரிப்பு என்னும் காப்பு இருப்பதால் அம்மதிப்பீடு பகையாக மாறுவதில்லை. மாமியாரின் கடுமையையும் மணமகன் வீட்டாரின் பேராசையையும் நேரில் சொல்ல இயலாத மணமகள் வீட்டுப் பெண்கள் பாட்டில் சொன்னார்கள். இரு மரபுகளும் உண்மையில் சந்திக்கக்கூடிய புள்ளி இதுவே.

உண்மை வெளிப்படும் களம்: 'மான்சூன் வெட்டிங்'

2001ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்க விருது பெற்ற 'மான்சூன் வெட்டிங்' தில்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பத்தில் நிகழ்வது. மணமகள் அதிதி தில்லியில் வளர்ந்தவள். மணமகன் ஹேமந்த் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் பணிபுரிபவன். இருவரும் இந்தியரே ஆயினும், அமெரிக்கா என்னும் தொலைநிலம் அம்மணத்தின் ஒவ்வொரு பேச்சிலும் ஊடாடுகிறது. திரைக்கதையின் பெரும்பகுதி மணமேடையில் நிகழாமல், அதற்கு முந்தைய சில நாள்களில் நிகழ்வது கருதத்தக்கது.

இப்படத்தில் இருவகை ஆடல்பாடல்கள் ஒரே வீட்டில் இடம்பெறுகின்றன. ஒன்று, பெண்கள் தரையில் கூடியமர்ந்து கைதட்டிப் பாடும் பழைய வகை. மற்றொன்று, ஒரு திரைப்பாடலுக்கு முன்கூட்டியே பயின்று விருந்தினர் முன் ஆடப்படும் புதிய வகை. மீரா நாயர் ஒன்றைத் தூயதென்றும் மற்றொன்றைப் போலியென்றும் பிரிக்கவில்லை. இரண்டும் அக்குடும்பத்தின் இயல்பான மகிழ்ச்சியாகவே காட்டப்படுகின்றன. ஆயினும் இக்கொண்டாட்டங்களின் நடுவில்தான் ரியா, தன்னைச் சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய தேஜ் என்னும் பெரியவரை அனைவர் முன்னிலையிலும் அடையாளம் காட்டுகிறாள். அவர் வேறொரு சிறுமியைத் தனியே அழைத்துச் செல்ல முயல்வதைக் கண்டு அவள் வாய்திறக்கிறாள். குடும்பத்துக்கு உதவியவரும், ரியாவின் அமெரிக்கப் படிப்புக்குப் பணம் தர முன்வந்தவரும் அவரே. அதிதியும் தன் முந்தைய உறவை மணத்துக்கு முன்பே ஹேமந்திடம் வெளிப்படுத்துகிறாள்.

உறவினர் அனைவரும் கூடியிருப்பதாலேயே மறைவுகள் வெளிப்படும் வாய்ப்பு உருவாகிறது. மணமேடையில் ரியா பேசியிருக்க இயலாது. மணம் முடிந்தபின் பேசினால் கேட்க ஆளிருந்திருக்காது. முன்மண நாள்களே பேச்சுக்குரிய காலம். ஏசல் சிரிப்பின் துணையால் செய்ததை ரியா சிரிப்பின்றிச் செய்கிறாள். இறுதியில் தந்தை நிலையிலிருந்த லலித், பணத்தையும் நன்றிக்கடனையும் பொருட்படுத்தாமல் தேஜை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்கிறார். அம்மணம் மணமாகும் தகுதியைப் பெறுவது அந்த முடிவினால்தான் என்பதே படத்தின் வாதம்.

மதிப்பின் தேர்வு: 'தி நேம்சேக்'

ஜும்பா லாஹிரியின் புதினத்தில் நடைபெறாமற்போன ஓர் இணைவு மணம் உள்ளது. கோகோலை மணப்பதற்கு முன் மௌஷுமி கிரஹாம் என்னும் அமெரிக்கனோடு மண உறுதி செய்துகொண்டிருந்தாள். அவன் இந்து முறைத் திருமணத்துக்கு உடன்படுகிறான். கொல்கத்தா சென்று அவளுடைய உறவினரைச் சந்திக்கிறான். அவர்களின் அன்பையும் பெறுகிறான். இணைவு மணம் கோரும் வெளிப்படைச் செயல்கள் அனைத்தையும் அவன் குறையின்றிச் செய்துமுடிக்கிறான். ஊர் திரும்பியபின் ஒரு விருந்தில், அப்பயணம் எவ்வளவு சலிப்பூட்டியது என்று அவன் நண்பர்களிடம் கூறுவதை மௌஷுமி கேட்க நேர்கிறது. மணம் முறிகிறது.

திறனாய்வாளர் இதனைப் பெரும்பாலும் மௌஷுமியின் அடையாளக் குழப்பத்துக்குச் சான்றாகவே கொள்வர். அவளும் அப்பண்பாட்டிலிருந்து விலகி வாழ முயன்றவளே. கிரஹாம் கூறியவற்றுள் சிலவற்றை அவளும் பலமுறை எண்ணியிருப்பாள். அப்படியாயின் அவளைத் துணுக்குறச் செய்தது எது? கிரஹாமின் கருத்தன்று, அது சொல்லப்பட்ட இடமே. கொல்கத்தாவில் உறவினரிடையே அவன் ஒரு கேலியாகவேனும் அதை வெளிப்படுத்தியிருந்தால், அது உறவுக்குள் நிகழ்ந்த உரையாடலாகியிருக்கும். அங்கு இனிமையாக நடித்து, இங்குத் தன்னவரிடையே இகழ்ந்ததனால், அவன் அதுவரை செய்த அனைத்தும் வேடமாகிவிட்டது. முன்மணப் பயணம் மதிப்பின் தேர்வாக அமைந்தது. அத்தேர்வில் உடையும் உணவும் மதிப்பெண் பெறவில்லை.

லாஹிரி இதன் மறுதலையையும் காட்டத் தவறவில்லை. கோகோல், மௌஷுமி திருமணம் இரு வங்காளிக் குடும்பங்களின் விருப்பப்படி நியூ ஜெர்சியின் விடுதியொன்றில் நிகழ்கிறது. பண்பாட்டுப் பொருத்தம் முழுமையாக உள்ளது. மண முடிவுகளில் பலவற்றை மணமக்கள் பெற்றோரிடமே விட்டுவிடுகின்றனர். அம்மணம் நிலைக்கவில்லை. புதினத்தின் இறுதியில் கோகோலின் தங்கை சோனியா, யூத, சீன வம்சாவளியைச் சேர்ந்த பென் என்பவனைக் கொல்கத்தாவில் மணக்கவிருக்கும் செய்தி இடம்பெறுகிறது. முறையான சடங்கு உறவைக் காக்கும் என்னும் நம்பிக்கையையும், இணைவு மணம் முறியும் என்னும் அச்சத்தையும் புதினம் ஒருசேர மறுக்கிறது.

உரிமையின் வினா: 'ஏ நைஸ் இந்தியன் பாய்'

மாதுரி சேகரின் நாடகத்தைத் தழுவி ரோஷன் சேத்தி இயக்கிய 'ஏ நைஸ் இந்தியன் பாய்' வேறொரு சிக்கலை எழுப்புகிறது. மருத்துவரான நவீன், தன் பெற்றோரின் வீட்டுக்கு ஜெய் என்பவனை அழைத்துவருகிறான். ஜெய் வெள்ளையினத்தவன், ஆனால் இந்தியப் பெற்றோரால் தத்தெடுத்து வளர்க்கப்பட்டவன். 1995இல் வெளியான 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' அவன் நெஞ்சுக்கு நெருக்கமான படம். இந்தியப் பழக்கங்களில் நவீனைவிட ஜெய்க்கே ஈடுபாடு மிகுதி. பண்பாடு குருதியால் வருவதா, வளர்ப்பால் வருவதா என்னும் வினா இங்கு நகைச்சுவையாக எழுந்து மெல்ல இறுகுகிறது.

திருமணத்தைச் சூழ்ந்த கொண்டாட்டங்கள் யாருக்கு உரியவை என்பதே இப்படத்தின் உட்சிக்கல். ஓராண் மற்றோராணை மணக்கும்போது 'மணமகள் வீடு', 'மணமகன் வீடு' என்னும் பிரிவு பொருளிழக்கிறது. யார் யாரை ஏசுவது, யார் செலவை ஏற்பது, யாருடைய கையில் யார் பெயர் என்பனவற்றை மரபு சொல்லித்தரவில்லை. அதைவிடக் கூர்மையானது நவீனின் அக்காள் அருந்ததியின் மனக்குறை. பெற்றோர் விருப்பப்படி முறையாக மணந்தவள் அவள். அம்மணம் முறிவை நோக்கிச் செல்கிறது. விதியை மீறிய தம்பிக்குக் கிடைக்கும் கனிவு, விதிக்கு அடங்கிய தனக்குக் கிடைக்கவில்லையே என்னும் அவளது வருத்தம், இணைவு மணத்தைக் கொண்டாடும் படங்கள் பொதுவாகக் காட்டாத ஒன்று. ஒரு குடும்பம் தன் பெருந்தன்மையைப் புதிய மருமகனிடம் காட்டுவது எளிது. வீட்டிலிருக்கும் மகளிடம் காட்டுவதே கடினம் என்பதை இப்பாத்திரம் நினைவுறுத்துகிறது.

ஒற்றை வார்ப்பும் அதன் விளைவும்

இம்மூன்று படைப்புகளிலும் முன்மண நாள்கள் பேச்சுக்கும் தேர்வுக்கும் வினாவுக்கும் உரியவையாக உள்ளன. இன்றைய இணைவு மணங்களின் பொது நடைமுறை இதற்கு மாறான திசையில் செல்கிறது. சங்கீத், மெஹந்தி, ஹல்தி என்னும் மூன்றும் 'இந்திய முன்மண நிகழ்வுகள்' என்னும் ஒரே தொகுப்பாகிவிட்டன. 1990களின் இந்தித் திரைப்படங்கள் இதனைப் பரப்பியதில் பெரும்பங்கு வகித்தன. தமிழரோ தெலுங்கரோ மலையாளியோ அமெரிக்கரை மணக்கும்போதும் இத்தொகுப்பே முன்வைக்கப்படுகிறது. தம் பாட்டியின் மணத்தில் இல்லாத ஒரு நிகழ்வை, தம் மரபு என்று அயலவர்க்கு அறிமுகப்படுத்தும் நிலை உருவாகிறது.

இதற்கு நடைமுறைக் காரணங்கள் உள்ளன. நலங்கின் சுவை பாட்டின் சொற்களில் உள்ளது. தமிழறியாத விருந்தினர்க்கு அது சென்று சேர்வதில்லை. பயின்று ஆடும் நடனமோ மொழிபெயர்ப்பை வேண்டுவதில்லை. வீட்டில் இலை பறித்து அரைத்த மருதாணியைவிடக் கூம்பிலிருந்து பிழிந்து வரையும் நுண்கோலங்கள் நிழற்படத்துக்கு ஏற்றவை. விடுதியின் கம்பளத் தரையில் முகூர்த்தக்கால் நட இயலாது. ஒத்திகை விருந்தும் சங்கீதும் ஒரே மாலைக்குரியன ஆதலின் இரண்டும் ஒன்றாக்கப்படுகின்றன. வாழ்த்துரைகள் நடனங்களுக்கு இடையிலான இடைவெளிகளை நிரப்புகின்றன.

இவ்விணைப்பில் இரு தரப்பும் எதையோ இழக்கின்றன. தமிழ்த் தரப்பு ஏசலை இழக்கிறது. பஞ்சாபித் தரப்பு சிட்டணியை இழக்கிறது. அமெரிக்கத் தரப்பு நிதானமான வாழ்த்துரையை இழக்கிறது. மூன்றும் ஒரே பணியைச் செய்தவை என்பது நினைவுகூரத்தக்கது. எஞ்சுவது அனைவரும் பார்க்கத்தக்க ஒரு காட்சி. அதில் யாரும் யாரையும் குறித்து எதுவும் சொல்வதில்லை. மணமகனின் நண்பர்கள் குர்தா அணிந்து இந்திப் பாடலுக்கு ஆடுவதும், இந்திய உறவினர் அதைக் கண்டு மகிழ்வதும் நல்லுறவின் அடையாளங்களே. ஆனால் கிரஹாமும் இவற்றை எல்லாம் செய்திருப்பான்.

பழைமை ஏக்கத்துக்கு எதிராக

இம்முடிவிலிருந்து பழைய நலங்குக்குத் திரும்புதலே தீர்வு என்று கொள்வது பிழையாகும். பழைய முன்மண நிகழ்வுகள் யாரை விலக்கின என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கணவனை இழந்த பெண்கள் மங்கலச் செயல்களிலிருந்து ஒதுக்கப்பட்டனர். பந்தலுக்குள் வரத்தக்கவர் யார் என்பதைச் சாதி முடிவு செய்தது. அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் மணத்திலும் மணமகளை நீராட்டி வாழ்த்துவோர் புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வரே. அப்பாடலில் புரோகிதரும் தீவலமும் இல்லை. பெண்கள் நீராட்டி வாழ்த்துவதே மணத்தின் மையம். பின்னாளில் மையம் பெண்களிடமிருந்து நீங்கி, அவர்களின் செயல்கள் முன்னிகழ்வுகளாகச் சுருங்கின என்று கருத இப்பாடல் இடந்தருகிறது. எனினும் அங்கும் மகப்பேறு என்னும் தகுதி வாயிற்காவலாக நின்றது.

2020 முதல் 2023 வரை நான்கு பருவங்களாக வெளிவந்த 'நெவர் ஹேவ் ஐ எவர்' தொடர் இவ்விடத்தில் பொருத்தமானது. கலிபோர்னியாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. அதன் நிறைவுப் பகுதியில் மணமகளாக நிற்பவர் நாயகி தேவியின் பாட்டி நிர்மலா. கணவரை இழந்த அவர் லென் என்னும் அமெரிக்கரை மணக்கிறார். பழைய நலங்கில் ஓரமாக நின்றிருக்க வேண்டிய ஒருவர் இங்கு நடுவில் அமர்கிறார். வார்ப்பு நெகிழ்ந்ததனால் கிடைத்த நன்மை இது. சங்கீத் பரவலினால் மரபு அழிந்தது என்று மட்டும் கூறுவோர் இத்தகைய விடுதலையைக் காணத் தவறுகின்றனர்.

ஆகவே திறனாய்வு பார்க்க வேண்டியது வடிவம் பழையதா புதியதா என்பதையன்று. அவ்வடிவம் யாரை உள்ளே விடுகிறது, உள்ளே வந்தவர்க்குப் பேச இடம் தருகிறதா என்னும் இரு வினாக்களே உரைகல். பழைய நலங்கு இரண்டாம் வினாவில் தேறியது, முதலாவதில் தவறியது. இன்றைய சங்கீத் முதலாவதில் தேறுகிறது, இரண்டாவதில் தடுமாறுகிறது.

முடிவுரை

இந்திய அமெரிக்க இணைவு மணங்களில் முன்மண நிகழ்வுகள் துணைச் சடங்குகள் அல்ல. இரு குடும்பங்களும் சமயம், சட்டம் ஆகியவற்றின் பிடியிலிருந்து நீங்கி நேருக்குநேர் சந்திக்கும் ஒரே வெளி அவையே. அவ்வெளியில் ஆடை, உணவு, இசை ஆகியவற்றின் இணைவு எளிதில் நிகழ்ந்துவிடுகிறது. கேலி, வாழ்த்து, ஒப்புதல், மறுப்பு ஆகியவற்றை வெளிப்படுத்தும் பணியின் இணைவு அவ்வாறு நிகழ்வதில்லை. 'மான்சூன் வெட்டிங்', 'தி நேம்சேக்', 'ஏ நைஸ் இந்தியன் பாய்' ஆகிய மூன்றும் முன்மண நாள்களைப் பேச்சின் காலமாகக் கருதியதனாலேயே பண்பாட்டுக் காட்சிப்பட்டியல்களாகச் சுருங்காமல் இலக்கியத் தகுதி பெறுகின்றன.

ஏசல், சிட்டணி, ஒத்திகை விருந்தின் வாழ்த்துரை ஆகிய மூன்றும் ஒரே பணியின் வெவ்வேறு மொழிகள் என்னும் புரிதல் இணைவு மணங்களுக்கு ஓர் அடித்தளமாக அமையக்கூடும். ஒரு தமிழ் அத்தை பாடும் ஏசலுக்கு மணமகனின் அமெரிக்கத் தம்பி தன் வாழ்த்துரையில் மறுமொழி கூறும் மாலையில், அதன் பொருள் இரு மொழியிலும் எடுத்துரைக்கப்படுமாயின், அங்கு நிகழ்வதே செயல் இணைவு. புலம்பெயர் தமிழரின் நலங்கு, ஏசல் பாடல்கள் எந்த அளவுக்கு வழக்கில் உள்ளன, எம்மொழியில் பாடப்படுகின்றன, அயல் உறவினர் அவற்றை எவ்வாறு எதிர்கொள்கின்றனர் என்பன களஆய்வின்வழித் தொகுக்கப்பட வேண்டியவை. அப்பாடல்களை மனப்பாடமாக அறிந்த தலைமுறை முதுமையடைந்துவருவதால் இப்பணி காலம் தாழ்த்தத்தக்கதன்று.